கொடுவா இழுத்த ஆள்

1998இல், வெங்காயம் யானை விலை விற்ற அக்டோபர் மாதத்தில், பாலச்சந்திரனின் தூண்டிலைக் கவ்விய கொடுவா மீன் எட்டு வருடம் அவரை இழுத்துக்கொண்டு திரிந்தது. முளா ஆற்றில் ஹோல்கர் பாலத்திலிருந்து பண்ட் கார்டன் அணை வரைக்கும் போகும், பிறகு திரும்பும், நடக்கிற வேகத்தில். கழிமுகத்து மீன் புனே வரைக்கும் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வெங்காயத்துக்குப் பேர்போன சாகண் சந்தையிலேயே வெங்காயம் இல்லாத நேரம் அது. சனங்களுக்கு அந்தக் கவலை பெரிதாக இருந்தது.

பாலச்சந்திரன் பரங்கிப்பேட்டைக்காரர். ராணுவக் கிடங்கு ஒன்றில் எழுத்தர். மனைவி கோதையோடும் மகள் அகல்யாவோடும் விஷ்ராந்த்வாடியில் குடியிருந்தார். கிடங்கில் பழைய விளையாட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, ஒற்றை ஆள் கால் நீட்டி உட்காரும் ஒடுங்கிய கயாக் படகு ஒன்றை எடுத்துவந்தார். முளா ஆறு சாக்கடையும் சாயமும் கலந்து பழைய டீ நிறத்தில் கிடந்தது. கலங்கல் தண்ணீரில் மீன் கண்ணால் தேடாது, அதிர்வை வைத்துத்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். ஸ்பூனை வளைத்து, உள்ளே குண்டுமணிகளை அடைத்து, கலகலக்கும் போலி இரை ஒன்று செய்தார். அதைத்தான் கொடுவா கவ்வியது.

முதல் நாள் கோதை கரையில் நின்று சிரித்தாள். மூன்றாம் நாள், "தூண்டில் நரம்பை அறுத்துட்டு வாங்க" என்று கத்தினாள். "களைச்சுடும் கோதை, இன்னும் கொஞ்ச நேரம்" என்றார் அவர். அந்தக் கொஞ்ச நேரத்தில் கிடங்குக்காரர்கள் அவருடைய நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்தார்கள், கோதை மழலையர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள், நூற்றாண்டு மாறியது. கோதை பாலத்திலிருந்து தினமும் கயிறு கட்டிச் சாப்பாட்டை இறக்கினாள். வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. தேர்தல்காரர்கள் படகில் போய் விரலில் மை வைத்தார்கள். அடுத்த வீட்டுப் பெண்களின் புருஷர்கள் குடித்தார்கள், அடித்தார்கள், ஓடிப்போனார்கள். தன் புருஷன் கண்ணுக்கு எதிரே இருக்கிறாரே, இதை என்னவென்று சொல்லி அழுவது என்று கோதைக்குத் தெரியவில்லை. அகல்யா பாலத்து வழியாகப் போவதையே விட்டுவிட்டு, எரவாடா சுற்றிப் போகும் பஸ்ஸில் காலேஜுக்குப் போனாள்.

2006இல் அகல்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. "மம்மி, ஆத்தங்கரையில எல்லாம் நான் மணையில உக்கார மாட்டேன். பப்பா ஹாலுக்கு வரட்டும். இல்லன்னா நீ மட்டும் நில்லு, பஸ், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் கோதை கத்தியை எடுத்துக்கொண்டு மீனவர் கிசனின் படகில் ஏறினாள். அவர் துடுப்புப் போட்டார். ஆகாயத்தாமரைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கயாக்கின் பக்கத்தில் போனதும், விறைத்திருந்த நரம்பைக் கோதை பிடித்தாள். நாடி மாதிரி துடித்தது.

"அவ்வளவு ஆசையா இதுமேல?"

பாலச்சந்திரனின் தாடி மார்பு வரைக்கும் இருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை.

"ஆசையெல்லாம் முதல் வருசத்தோட போச்சு. விட்டுட்டா கரைக்கு வரணும். இத்தினி வருசம் எதுக்குன்னு எல்லாரும் கேப்பாங்க."

"நான் கேக்க மாட்டேங்க."

"நீ கேக்க மாட்டே. அதுதான் எனக்குப் பயம்."

கோதை நரம்பை அறுத்தாள். கொடுவா ஒரு தரம் மேலே வந்தது, கன்றுக்குட்டி அளவு, வாயில் ஸ்பூன் பளபளக்க. பிறகு அணையைத் தாண்டிக் கிழக்கே போனதைக் கிசனும் பார்த்தார்.

கயாக் நிற்கவில்லை. அதே வேகத்தில் நகர்ந்தது. துடுப்பு அவர் மடியில் காய்ந்து கிடந்தது. நரம்பில்லாத தூண்டில் கோல் வளைந்தபடியே இருந்தது. கோதை கொஞ்ச நேரம் பார்த்தாள். "திருப்புங்க அண்ணா" என்றாள் கிசனிடம்.

கல்யாணத்தில் மகளைத் தனியாகவே நின்று தாரை வார்த்தாள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அடுத்த மாதம் வானவடியில் ஒரு சின்ன ஃப்ளாட்டுக்குக் குடிபோனாள். எதிர் வீட்டில் ஒரு ராணுவக்காரரின் மனைவி, கோயமுத்தூர்க்காரி, சர்க்கரைக் கிண்ணத்தோடு வந்து விசாரித்தாள்.

"வீட்டுக்காரர் எங்கிங்க இருக்காரு?"

"ஆத்துல இருக்காருங்க."

"அப்படிங்களா," என்று அவள் தலையாட்டினாள். "நாளைக்குக் குழாயில தண்ணி வராதுங்கக்கா. இன்னைக்கே ட்ரம்மை ரொப்பி வெச்சுக்குங்க."

கோதை ட்ரம்மைக் கழுவப் போனாள்.