உபதேசியார் கட்டிய பாபேல்

எபோ கடலோரத்து ஆள், ஃபான்ட்டி மொழிக்காரர். ஏவே மொழி பேசும் மலைப்பக்கத்துச் சபைக்கு உபதேசியாராக வந்து நான்கு வருடமாகிறது. அவர் ஃபான்ட்டியில் பிரசங்கிக்க, பக்கத்தில் நின்று மனைவி செனம் ஏவேயில் சொல்வாள். அவள் அந்த ஊர்ப்பெண். சபை சிரிப்பதும் ஆமென் போடுவதும் அவள் வாயைப் பார்த்துத்தான். எபோவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

பாபேல் கோபுரத்தைப் பற்றிப் பேசவேண்டிய ஞாயிறு வந்தது. "இன்னிக்கு நீ கீழ உக்காரு. நானே ஏவேல பேசிக்கிறேன்" என்றார்.

"தாராளமா பேசுங்க. எனக்குக் கால்வலி மிச்சம்."

ஒரே பாஷை பேசி, வானத்தைத் தொடக் கோபுரம் கட்டிய பெருமை பிடித்தவர்களைக் கடவுள் பாஷையைக் குழப்பித் தண்டித்தார் என்பதுதான் பிரசங்கம். தொடக்கம் தடங்கலில்லாமல் போனது. அந்தத் தெம்பில் கையை உயர்த்தி, "மலை மாதிரி கோபுரம்!" என்று முழங்கினார். ஏவேயில் மலைக்கும் உரலுக்கும் குரல் ஏறி இறங்குவதில்தான் வித்தியாசம். அவர் வாயில் வந்தது உரல்.

முன்வரிசையிலிருந்து தக்காளி விற்கும் அக்பேனே கேட்டாள். "உபதேசியாரே, வானத்துக்குப் போறதுக்கா, ஃபூஃபூவுக்குக் கிழங்கு இடிக்கிறதுக்கா?"

சபை குலுங்கிச் சிரித்தது. எபோ திருத்திச் சொன்னார். மறுபடியும் உரல்தான். காதுமடல் சுட, செனத்தைப் பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியபடி அவள் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

எபோ ஃபான்ட்டியில் மெதுவாக ஆரம்பித்தார். "வேற ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். இப்பப் பாத்தா, கடவுள் எறங்கி வந்து கோபுரத்த இடிக்கவே இல்ல. அதுவரைக்கும் அங்க யாரும் யாரு மூஞ்சியையும் பாத்திருக்க மாட்டாங்க. செங்கல்லுன்னா செங்கல்லு, அவ்வளவுதான். பாஷ மாறினப்புறம்தான் ஒருத்தன் நின்னு, 'நீ என்னப்பா சொல்றே?'ன்னு கேட்டிருப்பான். எனக்கு இது தண்டனையாத் தெரியல."

செனம் அதை ஏவேயில் சொன்னாள். அவர் சொன்னதைவிட நீளமாகவே சொன்னாள். கடைசியில் ஏதோ சேர்த்தாள். பெண்கள் கைதட்டினார்கள். அக்பேனே எழுந்து நின்று ஆமென் போட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது எபோ கேட்டார். "கடைசில என்னடி சொன்னே?"

"நாலு வருஷமா வீட்டுல நான் பேசுறதையும் இப்படி நின்னு கேட்டா நல்லா இருக்கும்னு."

"அதுக்கா அந்தக் கைதட்டு?"

"பின்ன? அவங்க வீட்டுலயும் புருஷங்க இருக்காங்கல்ல."

எபோ வாய்விட்டுச் சிரித்தார். "சரி, சொல்லு. கேக்குறேன்" என்று நடையைக் குறைத்தார். செனம் ஏவேயிலேயே பேசத் தொடங்கினாள். பாதிதான் புரிந்தது. புரியாத இடத்திலெல்லாம் நிறுத்திக் கேட்டார். வீடு போய்ச் சேர வெகுநேரமானது. இருவருக்கும் அவசரமில்லை.