மேனேஜரின் கால்

1

"ஏ புள்ள, உங்க மேனேஜரு டேபிளுக்கு அடியில கால் தெரியுமா?"

என் கணவர் சென்றாயன் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான். சேந்தமங்கலம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தேன். அவர் மிளகு பறிக்கிற சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார்.

"கவனிச்சதில்லீங்க. பார்த்துட்டு வந்து சொல்றேன்."

"செருப்புப் போட்டிருக்காரான்னும் பாரு."

இந்தக் கதை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது. (முதலில் 'கொல்லிமலையில் ஒரு கலைஞன் வாழ்ந்தான்' என்று ஆரம்பித்தேன். அவர் படித்திருந்தால் "யாரு அந்தாளு?" என்று கேட்டிருப்பார். அடித்துவிட்டேன்.)

2

என் கணவர் மிளகும் காப்பியும் பயிரிட்டார். இடையில் ஜீப்புகளுக்கும் டீக்கடைகளுக்கும் பெயர் எழுதுவார். நான் மலையடிவாரத்தில் ஒரு கோழித்தீவனக் கம்பெனியில் டைப்பிஸ்ட். சாயங்காலம் ஆபீஸ் கதையைச் சொல்வேன். அவர் நான்கு கட்டங்களில் படமாக வரைவார். பாத்திரங்கள் பேசுவதை நான் எழுதுவேன். 'நாளைக்கு வாங்க' என்று பெயர் வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். பிறகு ஒரு சிறுபத்திரிகை கேட்டு வாங்கிப் போட்டது.

பாத்திரங்கள் மூன்றே பேர். தலைக்குப் பதில் பலாப்பழம் உள்ள மேனேஜர். ஜடை தரையில் புரளும் டைப்பிஸ்ட். (நான்தான். எனக்கு அவ்வளவு முடி கிடையாது.) அப்புறம், கையெழுத்துக்காகக் காத்திருக்கும் ஒரு கோழி.

"முட்டையிட லீவு வேணுங்க" என்று கேட்கும் கோழி.

"முதல்ல முட்டையைக் காட்டு" என்பார் பலாப்பழம்.

எல்லாருக்கும் வெறுங்கால். கோழியைத் தவிர மற்ற இருவரும் ஏன் அப்படி என்று நான் கேட்டதில்லை. கிண்டல் என்று நினைத்தேன். வாசகர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

3

இப்போது அது புத்தகமாக வருகிறது. பதிப்பாளர் பானுமதி போன் செய்தார்.

"பின்னட்டைக்கு எழுதிட்டேங்க, சுஜிதா. 'அதிகாரத்தின் காலணியைக் கழற்றிய கலைஞன்'. எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

"பாத்திரங்கள் எப்படிப் பிறந்தாங்கன்னு நீங்க ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. அந்த வெறுங்கால் யோசனை எப்படி வந்துதுன்னு கண்டிப்பா இருக்கணும்."

அந்த நாலு பக்கம்தான் இது. ஆபீசில் எல்லாரும் செருப்போடுதான் இருப்பார்கள் என்று தெரிந்தே சென்றாயன் வெறுங்காலாக வரைந்தாரா, தெரியாமல் வரைந்தாரா? தெரியாமல்தான் என்றால், இத்தனை பேர் மெச்சியது ஒரு மனிதரின் அறியாமையை. அதை அச்சில் போட்டு அவரை ஊர் சிரிக்க வைக்க எனக்கு மனமில்லை. தெரிந்துதான் என்று சொல்லவோ என்னிடம் ஆதாரமில்லை.

4

என் ஆபீசுக்கு அவர் ஒரே ஒருமுறைதான் வந்தார், ஆயுத பூஜை அன்று. பூஜைக்கு எங்கள் தோட்டத்து வாழைத்தாரைத் தோளில் சுமந்து வந்தார். செருப்பெல்லாம் வாசலில் கிடந்தது. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், பிரிண்டருக்குப் பூமாலை. மேனேஜர் வேட்டி கட்டி, வெறுங்காலோடு நின்றார்.

"எங்க ஊட்டுக்காரருங்க, சார்."

"வாங்க, வாங்க. பழம் அருமையா இருக்கே."

சென்றாயன் தரையைப் பார்த்து "ஆமாங்க" என்றார். நான் பொரி பங்கிடப் போய்விட்டேன்.

ஆபீஸ் என்றால் எல்லா நாளும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாரோ?

(ஒரு மறுப்பு. ரேஷன் கடை, பேங்க், தாலுகா ஆபீஸ் எல்லாவற்றுக்கும் போனவர்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டே போவார். உள்ளே இருந்தவர்களின் காலைப் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது.)

5

அவர் காலைப் பற்றிக் கேட்ட அன்று, ஆபீஸ் போனதும் சொன்னபடி பார்த்தேன். மேனேஜர் மேசைக்கு எதிரே பேனாவைக் கீழே போட்டுக் குனிந்தேன். முன்பக்கம் தரைவரை பலகை.

"என்னம்மா தேடறீங்க?"

"பேனாங்க, சார்."

கால் தெரியாதுங்க என்று சாயங்காலம் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடி என் இடத்துக்குப் போனேன். உட்காருவதற்குள் பக்கத்துத் தோட்டத்து மாராயியின் போன். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்திலிருந்து சென்றாயன் விழுந்துவிட்டார். ஜீப் வருவதற்குள் போய்விட்டார்.

[மரத்தடியில் அவர் செருப்பு அப்படியே

இல்லை. இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை.]

6

துக்கம் கேட்க மேனேஜர் மலையேறி வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்.

"அந்தப் பலாப்பழம் நான்தானே, கண்ணு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கோவமில்லம்மா. எங்க ஊட்டுல ஒட்டி வெச்சிருக்கா, எம்பொண்ணு. ஒண்ணுதான் புரியல. என் கால் எப்படி அவருக்குத் தெரிஞ்சுது?"

பார்த்தேன். வலது காலில் இரண்டாவது விரல் கட்டைவிரலின் மேல் ஏறிக் கிடந்தது. படத்தில் எல்லாக் கட்டத்திலும் அப்படித்தான் இருக்கும். கை தவறிப் போட்ட கோடு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அப்போது புரிந்தது. அன்று பூஜையில் அவர் மேனேஜரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. காலை மட்டும்தான் பார்த்திருக்கிறார். முகம் பலாப்பழமானது அதனால்தான். அந்த மேனேஜர் பிறந்தது குனிந்த தலையிலிருந்து.

குனிந்தது கூச்சத்தாலா? தாரின் கனத்தாலா? இல்லை, வரைகிறவன் பார்க்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது என்றா?

7

முடிவு அ: அவருக்குத் தெரியாது. கடைசி நாளில்தான் சந்தேகம் வந்து கேட்டார். பானுமதி பின்னட்டையை மாற்றுகிறார்.

முடிவு ஆ: எல்லாம் தெரியும். அந்தக் கேள்வி அடுத்த படத்துக்காக. நான் பார்த்துவந்து சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

முடிவு இ: மாராயியிடம் இரண்டையும் படித்துக் காட்டினேன். "அந்தண்ணன் இருந்தா ரெண்டுக்கும் ஆமான்னுதானே சொல்லும்" என்றாள்.

என்னால் தேர்ந்தெடுக்க முடியவில்லை. கடைசித் தாளில் அவர் ஒரே ஒரு கட்டம் வரைந்திருக்கிறார். பலாப்பழம் மேசையில் சாய்ந்திருக்கிறது. அந்த மேசைக்கு முன்பலகை கிடையாது; அடியில் கால் வரையாத வெறும் வெள்ளைத்தாள். புத்தகத்தின் கடைசிப் பக்கமாக அதை அப்படியே போடச் சொல்லியிருக்கிறேன். பென்சில் எடுத்து நீங்களே காலை வரைந்துகொள்ளுங்கள். செருப்பு வேண்டுமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். விரலை மட்டும் மாற்றிவிட வேண்டாம்.

நான் மறுபடி வேலைக்குப் போகிறேன். மேனேஜர் மேசைக்கு முன்பக்கம் இன்னும் அதே பலகைதான். கால் தெரியாது.