தவறாமல் வாங்கியவர்

"வாயைத் திற, டெல்பர்ட்."

டெல்பர்ட் உதட்டை இறுக மூடிக்கொண்டார். முப்பது வருஷம் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டிய மனிதர், மனைவி ஆர்ஃபா நீட்டிய சர்க்கரை மாத்திரைக்குப் பயந்து நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"வயித்துல ஒண்ணுமில்ல. இது உள்ள போனா கை நடுங்குது, கண்ணு இருட்டுது. ஒண்ணாந்தேதி அட்டையில காசு விழட்டும். பீன்ஸும் சோளரொட்டியும் ஆக்கிப் போடு, ரெண்டாக்கூட முழுங்குறேன்."

"ரெண்டு முழுங்குவியாம்! உன் அண்ணனும் இப்படித்தான் வாயடிச்சான். கடைசியில காலை எடுத்தாங்க."

கெண்டக்கி மலையில் அந்தத் தெரு முழுக்கவே மாதக் கடைசியில் அடுப்புகள் தூங்கும். சாப்பாட்டுக்கென்று அரசாங்கம் ஒண்ணாந்தேதி அட்டையில் போடும் பணம் அதுவரை தாங்காது. அந்த நாட்களில் டெல்பர்ட் மாத்திரையையும் நிறுத்திவிடுவார். அதனால் புட்டி காலியாக நாளாகும், அடுத்த புட்டி வாங்கவும் தாமதமாகும். அதுதான் குற்றமாகிவிட்டது. அரசாங்க மருந்துத் திட்டத்தை நடத்தும் கம்பெனிகளுக்கு நட்சத்திரம் போட்டுத் தரம் பார்க்கிறார்கள். நோயாளி நாள் தவறாமல் மருந்து வாங்கினால் நட்சத்திரம் ஏறும். சாப்பிட்டானா பட்டினியா என்று கேட்க அங்கே ஆளில்லை. நல்ல தரம், நல்ல அளவு!

கம்பெனியிலிருந்து கெல்சி என்ற பெண் வாராவாரம் போன் செய்தாள். அன்று காலையும் செய்திருந்தாள்.

"புட்டி வாங்கிட்டீங்க, சந்தோஷம். இனிமே ஒரு வேளைகூட விடாதீங்கம்மா. கிட்னி போயிடும், கண்ணு போயிடும்."

"அவருக்குத் தலை சுத்துதுங்கிறாரே."

"அதை டாக்டர்கிட்ட சொல்லுங்கம்மா. அடுத்த புட்டி எப்ப வாங்குவீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

டாக்டர் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார். வண்டியில் பெட்ரோல் இல்லை. புருஷன்மேல் உயிரையே வைத்திருந்தவள் வேறு என்னதான் செய்வாள்?

"எனக்காக, கிழவா," என்றாள் ஆர்ஃபா.

டெல்பர்ட் அவள் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

அடுத்த நாளும் வெறுங்காப்பியோடு விழுங்கினார். அதற்கடுத்த நாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று ஆம்புலன்ஸில் வந்தவர் சொன்னார்.

அடக்கம் முடிந்த வாரம் கெல்சியின் போன் வந்தது.

"நல்ல செய்திம்மா! கடைசியா வாங்கின புட்டியோட சேர்த்து, உங்க வீட்டுக்காரர் இந்த வருஷம் மருந்து ஒழுங்கா வாங்கினவங்க கணக்குல வந்துட்டார். பரிசா ஒரு மளிகைக்கடை கார்டு அனுப்புறோம். பிடிச்சதை வாங்கிச் சாப்பிடச் சொல்லுங்க."

"அவர் போயிட்டாரும்மா."

கெல்சி கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் கேட்டது.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா இறந்த நாள் வரைக்கும்தான் கணக்கு. அதுல அவர் பாஸ்தான்."

ஆர்ஃபா போனை வைக்கவில்லை.

"பட்டினி வயித்துல முழுங்கினார்னு எழுது. முழுங்க வச்சது நானும் நீயும்னு எழுது."

"அதுக்கெல்லாம் இங்க கட்டம் இல்லையேம்மா."

"ஓரத்துல எழுது. எழுதி முடிக்கிற வரைக்கும் நான் லைன்லதான் இருப்பேன்."