கை படாத கரி

ஐந்தாவது இஞ்சினின் கூம்பில், ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கரி இல்லை. அவள் டார்ச்சை அணைத்தாள். கண்ணை மூடித் திறந்தாள். மறுபடி டார்ச்சைப் போட்டாள். சுற்றிலும் அடுப்படிச் சுவர் மாதிரி கருத்துக் கிடக்க, அந்த இடம் மட்டும் தேய்த்து வைத்த கரண்டியின் முதுகைப் போலப் பளபளத்தது. யாரோ தொட்டிருக்கிறார்கள். தொட்டது மட்டுமல்ல, துடைத்திருக்கிறார்கள்.

விண்வெளியின் விளிம்பு வரை போய், சுமையை மேலே தள்ளிவிட்டு, வாலில் நெருப்போடு திரும்பி வந்து, கடலில் காத்திருக்கும் கப்பலின் மேல் கால் பரப்பி இறங்கிய ராக்கெட் அது. பல முறை போய் வந்ததுதான். துறைமுகத்திலிருந்து நீண்ட வண்டியில் படுக்கவைத்து இந்தக் கொட்டகைக்குக் கொண்டுவருவார்கள். உடனே கழுவிவிட மாட்டார்கள். கழுவுகிற ஆட்கள் தண்ணீர்க் குழாயோடு சுவர் ஓரமாக நின்று அரட்டை அடிப்பார்கள். அவள் கூம்பு கூம்பாகக் குனிந்து பார்த்து முடித்த பிறகுதான் தண்ணீர். அதுவரைக்கும் கையுறை போட்டவர்கூடத் தொடக்கூடாது. அந்தக் கொட்டகையில் அதற்குக் கை படாத கரி என்று பெயர்.

காரணம் எளிது. நெருப்பு சீறி வெளியேறும் அந்தக் கூம்பின் சுவரில் மயிரிழை அளவுக்கு விரிசல் இருந்தால், சூட்டில் அது வாய் திறக்கும், குளிர்ந்ததும் ஒன்றும் தெரியாததுபோல் மூடிக்கொள்ளும். பிறகு சாயம் ஊற்றினாலும், ஒலியைச் செலுத்தினாலும், சில விரிசல்கள் பிடிபடுவதில்லை. ஆனால் பறக்கும்போது அது வழியே கசிந்த வாயு, கரியின் மேல் வெளுத்த கோடு ஒன்றை இழுத்து வைத்திருக்கும். கரி ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சியை இங்கே யாரோ வாயைப் பொத்திக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

ஆள் இல்லாதபோது அவளுக்கு மோப்பம் என்று பெயர். எதிரில் வந்தால் அக்கா. வைத்த பெயர் சரியாகத்தான் இருக்கிறது என்று அவளே ஒத்துக்கொள்வாள். கடையில் மீதிச் சில்லறை வாங்கினால் இரண்டு முறை எண்ணுவாள். யாராவது காரணமில்லாமல் நல்லவிதமாகப் பேசினால், இரவு படுத்துக்கொண்டு காரணம் தேடுவாள். இந்தக் குணத்தால் அவளுக்குத் தோழிகள் கிடைக்கவில்லை, வேலை கிடைத்தது.

மற்ற எட்டு இஞ்சின்களையும் பார்த்து முடித்துக் கழுவ விட்டுவிட்டாள். ஐந்தாவதைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டினாள். அதன் பிறகு அந்தக் கயிற்றுக்கு வெளியே நிற்கிற ஒவ்வொரு முகமும் அவளுக்கு ஒரு மாதிரியாகத் தெரியத் தொடங்கியது.

முதலில் தூண்டிலைத்தான் பிடித்தாள். வானத்திலிருந்து விழுவதைக் கடலில் பிடிக்கிற கப்பலின் தலைவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். போனில் கேட்டதும் அவர் குரல் ஏறியது.

“யக்கா, நடுக்கடல்ல உப்புத் தண்ணி அடிக்குது, காத்து அடிக்குது, பறவை வந்து ஒக்காருது. இதுல எது வேணா நடந்திருக்கும். மடியில கனமில்ல, வழியில எனக்கென்ன பயம்?”

“பறவை கையால தொடைக்குமா?”

தூண்டில் சிரித்தார். அந்தச் சிரிப்பு தேவைக்கு மேல் கொஞ்சம் நீண்டுவிட்டதாக அவளுக்குப் பட்டது. போனை வைத்த பிறகும் அது காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இறக்கும்போது கப்பலில் எதிலாவது இடித்திருப்பார்களோ? இடித்ததை மறைக்கத் துடைத்திருப்பார்களோ? இடித்திருந்தால் நசுங்கல் இருக்க வேண்டும். நசுங்கல் இல்லை. இல்லை என்பதே கெட்டிக்காரத்தனமான மறைப்பு போலவும் இருந்தது.

மேலாளரைக் கொட்டகையில் அவசரம் என்பார்கள். நடந்துகொண்டே சாப்பிடுவார், ஓடிக்கொண்டே கையெழுத்துப் போடுவார். மூன்றாம் நாள் காலையில் கயிற்றுக்கு வெளியே வந்து நின்றவர், அதிசயமாக அசையாமல் நின்றார்.

“சாயம் போட்டுப் பாத்தாச்சு. ஒலி வச்சுப் பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல. இல்லாதத எங்கேர்ந்து கொண்டாரச் சொல்றீங்க?”

“சோதனை இல்லன்னு சொல்லல சார். தெரியலன்னுதான் சொல்லுது.”

“எதிர்க் கம்பெனிக்காரன் இறக்கின ராக்கெட்ட சூடு ஆர்றதுக்குள்ள திருப்பி ஏத்துறான். நாம இங்க கரியப் பாத்து ஜோசியம் சொல்லிட்டிருக்கோம்.” கழுத்தைத் தடவிக்கொண்டார். பிறகு குரலைத் தணித்தார். “உங்களுக்கும் கஷ்டம்தான். சொந்தத் தங்கச்சி ஏறப்போற ராக்கெட்டு. வேணும்னா நாலு நாள் லீவு போட்டுக்குங்க. வேற ஆள் பாத்துக்கட்டும். யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க.”

யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று ஒருவர் சொன்னால், அவர் அதை ஏற்கெனவே நினைத்துப் பார்த்துவிட்டார் என்று பொருள். அவள் லீவு வேண்டாம் என்றாள்.

ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. இதுவரை இந்த ராக்கெட் செயற்கைக்கோள்களைத்தான் சுமந்தது. அடுத்த முறை நான்கு மனிதர்களைச் சுமக்கப் போகிறது. மூன்று பேர் பணம் கட்டியவர்கள். நான்காவது கம்பெனியின் ஆள், அவள் தங்கை. ஐந்தாவது இஞ்சினைக் கழற்றினால் வேறொன்றைப் பொருத்தி, எரித்துச் சோதித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பயணம் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். அந்தப் புதிய தேதிக்கு வேறு குழு தயாராகிக்கொண்டிருக்கிறது, அதில் கம்பெனியின் ஆள் வேறொருவன். தங்கை வரிசையின் வாலுக்குப் போய்விடுவாள். அங்கிருந்து முன்னால் வந்தவர்களை யாரும் பார்த்ததில்லை.

இதே துடைப்பு வேறொருவன் தங்கை ஏறும் ராக்கெட்டில் இருந்தால் இப்படிக் கயிறு கட்டியிருப்பேனா? இந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுவிட்டு, வந்த பதிலையும் அவள் நம்பவில்லை.

அன்று மதியம் தங்கை தேடி வந்தாள். பயிற்சிக்குப் போடும் நீல உடையில் இருந்தாள். கொட்டகையின் பின்னால், காலி மரப்பெட்டிகள் அடுக்கிய நிழலில் அக்கா தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தங்கை பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்து, கேட்காமலே டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.”

“அப்ப திட்டுற விஷயம்தான்.”

“அத நான்தான் தொட்டேன்.”

அக்கா மெல்லுவதை நிறுத்தினாள்.

“துறைமுகத்துல. எங்க நாலு பேருக்கும் காட்டுறதுக்குக் கூட்டிட்டுப் போனாங்கல்ல? ராக்கெட்ட தாங்கியில நிறுத்தியிருந்தாங்க. எல்லாரும் தூண்டில் வாயப் பாத்துட்டிருந்தாங்க. நான் பின்னாடி நின்னேன். கை எட்டுற ஒசரம். கைய வச்சேன். அப்படியே தடவிட்டேன்.”

“எதுக்குடி?”

“தெரியலக்கா. அவ்ளோ தூரம் போயிட்டு வந்து சும்மா நின்னுட்டிருந்துச்சு. பாவமா இருந்துச்சு. தடவிக் குடுக்கணும் போல இருந்துச்சு.”

“கையில ஒட்டின கரிய என்ன பண்ண?”

“பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டேன்.”

“அந்த உடுப்ப எடுத்துட்டு வா.”

“தொவச்சாச்சு.”

“தொவச்சாச்சா.”

“அழுக்குத் துணிய தொவைக்காம? பிரேம் போட்டு மாட்டுவாங்களா?”

“மூணு நாளா என்னத்தப் பண்ணிட்டிருந்த?”

“பயம். தொட்டவள ஏத்த மாட்டாங்கன்னு பயம். இப்ப ராக்கெட்டே போகாதுங்குற மாதிரி ஆயிடுச்சு. அதான் வந்துட்டேன்.”

நம்பக்கூடியதாகத்தான் இருந்தது. அதுதான் அக்காவுக்கு உறுத்தியது. சின்ன வயதில், அம்மா வேலைக்குப் போன ஒரு நாளில், பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்து தெருவே கூடி நின்றது. யார் உடைத்தது என்று விசாரணை நடந்துகொண்டே போனது. விளையாட்டு நின்றுபோய்விட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த தங்கை, நேராக வந்து, நான்தான் உடைத்தேன் என்றாள். முதுகில் நாலு அடி வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பந்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவள் உடைக்கவில்லை. கண்ணாடி உடைந்தபோது அவள் அக்காவின் மடியில் தலைவைத்துப் பேன் பார்க்கக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏன்டீ அப்படிச் சொன்னாய் என்று கேட்டதற்கு, ஆட்டம் நின்னு போச்சுல்ல என்றாள்.

“ஒன் கண்ணப் பாத்துச் சொல்றேன், நான்தான்,” என்றாள் தங்கை இப்போது.

“நீ கண்ணப் பாத்துதான் பொய் சொல்லுவ. தரையப் பாத்தா நம்பலாம்.”

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும் வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

“வேணும்னா வா, எப்படித் தொட்டேன்னு செஞ்சு காட்டுறேன்.”

“வேணாம். மூணு நாளா அந்தத் தொடைச்ச எடத்தோட போட்டோ எல்லார் போன்லயும் சுத்துது. நீ அச்சு அசலா செஞ்சு காட்டிருவ.” அக்கா டப்பாவை மூடினாள். “சரி, நெஜம்னே வச்சுக்குவோம். கைய வைக்குறதுக்கு முன்னாடி அந்த எடத்துல என்ன இருந்துச்சு? வெறும் கரியா? வெள்ளையா ஏதாச்சும் கோடு இருந்துச்சா?”

தங்கை வாயைத் திறந்தாள். மூடினாள்.

“பாக்கல,” என்றாள்.

பொய் சொல்ல வந்தவளாக இருந்தால், வெறும் கரிதான் என்று சொல்லியிருப்பாள். அந்த ஒரு சொல்லில் பயணம் உறுதியாகியிருக்கும். பாக்கல என்கிறாள். அப்படியானால் நிஜம். அக்காவின் நெஞ்சில் ஏதோ இளகியது. இளகிய மறு நொடியே, கெட்டிக்காரியாக இருந்தாலும் பாக்கல என்றுதான் சொல்லுவாள், நம்பவைக்க அதைவிட நல்ல சொல் இல்லை என்று தோன்றியது. இந்தப் படிக்கட்டுக்கு முடிவே கிடையாது. எந்தப் படியில் நின்றாலும் கீழே இன்னொன்று தெரியும். சொந்தத் தங்கையை உட்காரவைத்துக்கொண்டு இதில் இறங்கிக்கொண்டிருக்கிறேனே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“இஞ்சினக் கழட்டச் சொல்லப் போறேன்,” என்றாள்.

“அப்ப நம்பல.”

“நம்பினாலும் கழட்டத்தான் வேணும். நீ தொடைச்சியோ வேற எவன் தொடைச்சானோ, அங்க என்ன இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது.”

“அதில்ல நான் கேட்டது. கழட்டு, கழட்டாம போ. நம்புறியா இல்லியா?”

அக்கா டப்பாவின் மூடியை மறுபடி அழுத்தினாள். பெட்டிகளுக்கு அப்பால் யாரோ இரும்புச் சங்கிலியைத் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் ஓயும் வரை தங்கை காத்திருந்தாள். பிறகு எழுந்து, உடையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டினாள்.

“எனக்கு அங்க போறது முக்கியம்க்கா. ஆனா திரும்பி வந்து அங்க பாத்தத ஒங்கிட்ட சொல்றது அதவிட முக்கியமா இருந்துச்சு. இனி வந்து சொன்னாலும் நம்ப மாட்ட போலிருக்கே.”

போய்விட்டாள்.

மேலாளர் அவசரத்திடம், தங்கை சொன்னது எதையும் அக்கா சொல்லவில்லை. தொட்டதாக ஒத்துக்கொண்டால் தங்கைக்கு வரிசையின் வால்கூட மிஞ்சாது. கழற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அவர் கையை உதறினார், கத்தினார், தண்ணீர் குடித்தார், மேலே இருப்பவர்களோடு பேசினார். கடைசியில் சரி என்று தலையசைத்துவிட்டு, முதல் தடவையாக மெதுவாக நடந்து போனார். அவ்வளவு சுலபமாக ஏன் ஒத்துக்கொண்டார் என்று அவள் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலை வெயில் கொட்டகையின் வாசல் வழியே நீளமாக உள்ளே வந்தபோது, கழற்றும் ஆட்கள் கருவிகளை எடுக்கப் போயிருந்தார்கள். மேலே கிரேன் கூண்டில் ஓட்டுநர் மட்டும். ஒல்லியான, கழுத்து நீண்ட ஆள். ஒட்டகம் என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். கொக்கி அவளை நோக்கி மெல்ல நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

அவள் கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். எத்தனையோ ராக்கெட்டுகளின் கரியை முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தவள் அவள். வெறும் கையால் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. தொடவேண்டும் என்று தோன்றியதுமில்லை. அப்படி ஒரு ஆசை மனிதர்களுக்கு வருமா என்பதுதான் தங்கை சொன்னதிலிருந்து அவளுக்கு விளங்காமலிருந்தது.

வலது கையுறையைக் கழற்றினாள். ஐந்தாவது கூம்பின் மறுபக்கத்தில், கரி முழுதாக இருந்த இடத்தில், உள்ளங்கையை வைத்தாள்.

குளிர்ந்திருந்தது. அவ்வளவு குளிர்ச்சியை அவள் எதிர்பார்க்கவில்லை. கரி கரடுமுரடாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். குழந்தையின் பிடரி மயிர் போல மெத்தென்று இருந்தது. எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். கை எடுக்கவில்லை. யாரும் சொல்லாமல், அவளையும் கேட்காமல், அது பக்கவாட்டில் மெல்ல நகர்ந்தது, தூங்குகிறவரின் நெற்றியைத் தடவுவது போல. நகர்ந்த இடமெல்லாம் உலோகம் வெளிச்சத்துக்கு வந்தது.

“யக்கா!” மேலேயிருந்து ஒட்டகத்தின் குரல். “அங்க என்ன பண்றீங்க? இறக்கவா, வேணாமா?”

அவள் சட்டென்று திரும்பினாள். கரி படிந்த வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். கையுறை போட்டிருந்த இடது கையை உயர்த்தி, இறக்கு என்று விரல்களைக் கீழே அசைத்தாள். சங்கிலிகள் கலகலக்க, கொக்கி தலைக்கு மேல் இறங்கத் தொடங்கியது.