பதிவில் விழுந்தது

ரைஹானத்துக்கு உட்கார்ந்த இடத்தில் கண் சொருகியது. மாமியார் ஜுபைதா பீவி அவள் முழங்கையை இடித்துக்கொண்டே இருந்தாள். தூங்காமல் வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், சாத்தான்குளத்து வீட்டில் இருவரும் விடியவிடிய விழித்திருந்துவிட்டு முதல் பஸ்ஸில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். மூளையில் ஓடும் மின்சாரத்தைப் பதிவு செய்கிற சோதனை. முன்பு ஒரு முறை எடுத்து, குறை ஒன்றும் இல்லை என்று வந்திருந்தது.

அந்த முடிவு வீட்டில் அவளுக்கு வினையாகப் போனது. அடுப்படியில் கரண்டியோடு அப்படியே நின்றுவிடுவாள். வாய் எதையோ மெல்லும், வலக்கை முக்காட்டைப் பிசையும். கூப்பிட்டால் பதில் வராது. கொஞ்ச நேரத்தில் தெளிந்து, சோறு ஏன் கருகியது என்று அவளே கேட்பாள். மிஷினிலேயே ஒன்றும் இல்லை, வேலைக்குக் கள்ளம் போடுகிறாள் என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னாள். துபாயில் இருக்கும் கணவன் நூகுவும், உம்மாவை அனுசரித்துப் போ என்றான். முதலில் எதிர்த்துப் பேசினாள். பிறகு அதுவும் அலுத்துவிட்டது. நடிக்கத்தான் செய்கிறோமோ என்று சில நாள் அவளுக்கே சந்தேகம் வந்தது.

பதிவெடுக்கும் எப்சி உள்ளே கூப்பிட்டாள். அவளும் களைத்துத்தான் இருந்தாள். கூட வேலை பார்ப்பவள் லீவு, வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். முடியை வகிர்ந்து வகிர்ந்து பசை தடவி, வயர் கோத்த சின்ன வட்டத் தகடுகளைத் தலை முழுக்க ஒட்டினாள். ஷாக் அடிக்குமா என்று ஜுபைதா பீவி கேட்டாள். இது உள்ளே எதையும் அனுப்பாது, உள்ளே நடப்பதை வாங்கி வரையும், அவ்வளவுதான் என்றாள் எப்சி.

படுத்ததும் ரைஹானத் தூங்கிப்போனாள். திரையில் கோடுகள் பைய அலைந்தன. ஸ்டூலில் மாமியாரின் தலையும் சரிந்தது.

திடீரென மூளையின் வலப்பக்கத்துக் கோடுகள் மட்டும் ஒரே சீராக, கூர் கூராக எழும்பின. ரைஹானத் கண்ணைத் திறந்தாள். வாய் மெல்ல ஆரம்பித்தது. வலக்கை போர்வையைப் பிசைந்தது. எப்சி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"ரைஹானத், கொய்யாப்பழம். இந்த வார்த்தைய ஞாபகம் வச்சுக்கோங்க. கொய்யாப்பழம்."

ஜுபைதா பீவி திடுக்கிட்டு விழித்தாள். "ஏளா ரைஹானத்து," என்று தோளைத் தொட்டாள். மருமகளின் பார்வை அவள்மேல் நிற்கவில்லை. கோடுகள் மறுபக்கமும் பரவி, பிறகு தளர்ந்து அடங்கின.

தெளிந்த பின், நான் சொன்ன வார்த்தை என்ன என்று எப்சி கேட்டாள்.

"தூங்கச் சொன்னீங்க. வேற என்ன சொன்னீங்க?"

ஜுபைதா பீவி மருமகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையைக் காட்டி இது என்ன என்று மாமியார் கேட்டதற்கு, டாக்டர் சொல்வார் என்றாள் எப்சி.

இது வலிப்புதான் என்றார் டாக்டர். கை கால் வெட்டினால்தான் வலிப்பு என்பதில்லை. போன முறை விழித்திருக்கும்போது கொஞ்ச நேரமே எடுத்ததால் அகப்படவில்லை. தினமும் மாத்திரை போட வேண்டும். கட்டுப்படும்வரை அடுப்படியில் தனியாக நிற்கக்கூடாது. ரைஹானத் அழுதாள். பயப்பட ஒன்றும் இல்லை என்று அவர் தேற்றினார்.

"பயமில்ல டாக்டர். எனக்கு நெசமாத்தான் வருதுன்னு இன்னொரு தடவ சொல்லுங்க. மாமி கேக்கட்டும்."

அவர் ஜுபைதா பீவியைப் பார்த்து மறுபடியும் சொன்னார்.

வெளியே குழாயடியில் மாமியார் முந்தானையை நனைத்து, அவள் முடியில் காய்ந்திருந்த பசையைத் துடைத்தாள்.

"நூகுட்ட நான் சொல்லுதேன்."

"தெருவுல?"

மாமியார் முந்தானையை மறுபடியும் நனைத்துப் பிழிந்தாள். "அங்கனயும் நாந்தான் சொல்லணும்."

சந்தோஷப்படக்கூட ரைஹானத்துக்குத் தெம்பில்லை. பஸ்ஸில் ஏறியதும் ஜுபைதா பீவி மகனுக்குப் போன் போட்டு, பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு, அவன் பேச வேண்டுமாம் என்று போனை நீட்டினாள். பிறகு பேசுகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு, ரைஹானத் ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.