மாவு வருகிற பக்கம்

சவரத்துக்கு உட்கார்ந்தவரைப் போல முகவாயைத் தூக்கி வைத்துக்கொண்டு, பார்வை போன கண்கள் இரண்டும் மின்விசிறியின் பக்கம் திரும்பியிருக்க, நாச்சிமுத்து காத்திருக்கிறார், அந்த எடத்தப் படி புள்ள, மாவு வர்ற எடம், நேத்துக் கூட்டத்துல நாஞ் சொன்னேனே அது, என்கிறார், அவர் மனைவி மரகதமணியின் மடியில் அருள்நம்பியின் நாவல் விரிந்து கிடக்கிறது, சரியான பக்கம்தான், அம்மா செத்துப்போகிற பக்கம், அதில் மழை பெய்கிறது, மதில்மேல் காகம் நனைகிறது, மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், மாவு மட்டும் இல்லை, அச்சடித்த எந்தப் பக்கத்திலும் இல்லை, அதை இதே நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போன மாதம் ஒரு மத்தியானம், அவளே சொந்தமாகச் சொல்லி இவர் காதில் போட்டாள்.

தாராபுரத்து வாசகர் வட்டத்தில் நாச்சிமுத்து என்றால் நாவல் எழுதுகிறவர்களுக்குப் பயம், மின்வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டே வருகிற நாவலையெல்லாம் வாங்கிப் படித்துவிட்டு, எழுதியவனை மேடையில் உட்காரவைத்துப் பக்கம் பக்கமாக உரித்துத் தொங்கவிடுவார், உரிபட்டவன் கடைசியில் எழுந்து ஏற்புரை என்ற பெயரில் நன்றி வேறு சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம், அந்த வழக்கத்தில் அவருக்கு இருந்த ருசி சாப்பாட்டில்கூட இருந்ததில்லை. கல்யாணமான புதிதில் அவளும் அவர் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துப் படித்து, முடிவில் அழுது, மூக்கைச் சிந்தியபடியே சோறு போட்டாள், அந்த வாரக் கூட்டத்தில், இந்த நாவலப் பத்தி அதிகம் பேச வேண்டியதில்லீங்க, இதப் படிச்சுப்போட்டு என்ற பொண்டாட்டி அழுதா, அவ அழுதான்னா அது குப்பைன்னு அர்த்தம், என்றார், கூட்டம் சிரித்தது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவளும் சிரித்தாள், இன்றைக்கும் ஆறாதது அதுதான், தானும் சேர்ந்து சிரித்தது. அதன்பிறகு எந்தப் புது நாவல் வந்தாலும், அம்மணி அழுதாங்களா, என்று நண்பர்கள் கேட்பது வேடிக்கையாகிவிட்டது, அவள் படிப்பதை விட்டுவிட்டாள், அல்லது விட்டுவிட்டதாக அவரை நம்பவைத்தாள், அவர் ஆபீஸ் போனதும் அடுப்படியில் நின்றபடியே படித்தாள், முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் படிக்கப் பழகினாள்.

பிறகு சர்க்கரை அவர் கண்ணை எடுத்தது, எப்போது தொடங்கியது என்பது அவளுக்கு இப்போது கலங்கலாகத்தான் இருக்கிறது, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்ததும், கல்யாணத்தன்று மணமேடையைச் சுற்றியபோது அவள் அவர் துண்டின் முனையைப் பிடித்துக்கொண்டு நடந்ததும் ஒன்றாகக் குழைந்து வருகின்றன, இனிமே நீதான் படிச்சுக் காட்டோணும், என்றார், உனக்கு அர்த்தம் புரிய வேண்டியதில்ல, எழுத்த மட்டும் சொல்லு போதும், என்றார். அவள் சொன்னாள். இந்தக் காலத்து நாவல்களில் யார் செத்தாலும் மழை வந்துவிடுகிறது, மனசு சரியில்லையென்றால் கதாநாயகன் ஆற்றங்கரைக்குப் போய் நிற்கிறான், அவன் சட்டையைத் துவைத்தது யார் என்று எவனும் எழுதவில்லை, பெண்கள் கண்ணாடி முன்னால் நின்று தங்களைத் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள், எந்தப் பெண்ணுக்கு அவ்வளவு நேரம் இருக்கிறது, என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே படித்தாள், தொண்டை கட்டியிருந்த ஒருநாள் ஒரு ஆற்றங்கரையை அப்படியே தாண்டிவிட்டாள், எழுதுன பய கைக்கு ஒரு இறுக்கம் வந்திருக்குது, என்றார் நாச்சிமுத்து, ரசித்து. அந்த ஒரு வார்த்தை போதாதா, அடுத்த நாவலில் மழையை வெட்டினாள், அதற்கடுத்ததில் பிடிக்காத ஒருவனைப் பாதியிலேயே லாரியில் அடிபட்டுச் சாகவைத்தாள், அவர் அதையெல்லாம் நம்பிக் கூட்டத்தில் போய்ப் பேசினார், எழுதியவர்கள் உரிபடுகிற பயத்தில் வாயைத் திறக்கவில்லை, மற்றவர்களில் எவனும் நாவலைப் படித்துவிட்டு வருவதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அருள்நம்பியின் நாவலில் அம்மா சாகிற இடம் வந்தபோது எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, காகத்தின்மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வாசிக்கிற குரலிலேயே சொன்னாள், அம்மாவை எரித்த பிறகு மகள் அடுப்படிக்குள் போகிறாள், அம்மா கடைசியாக ஆட்டிவைத்த மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது, ஆட்டிய கை இல்லை, மாவு மட்டும் உயிரோடு இருக்கிறது, அதைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு புருஷன் வீட்டுக்கு வருகிறாள், சுடவும் மனசில்லை, கொட்டவும் மனசில்லை, தினமும் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடுகிறாள், ஒருநாள் புருஷன்காரன் நாற்றம் தாங்கவில்லையென்று சாக்கடையில் ஊற்றிவிட்டுப் போசியை வாசலில் வீசுகிறான். அது கதையில்லை, அவள் பிறந்த ஊரான மூலனூரில் அம்மா செத்த வாரம் நடந்தது, சென்னையிலிருந்து எழுத்தாளருங்க வாராங்க, வூட்டுல சமைக்க ஆளில்ல, என்று காரியம் முடியும்வரைகூட இருக்கவிடாமல் அவளைக் கூட்டிவந்ததும், அந்த மாவை ஊற்றியதும் இவர்தான். சொல்லி முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள், இப்போது தெரிந்துவிடும், தெரிந்துவிட வேண்டும் என்றுதான் ஏங்கினாள், இது நம்ம வூட்டுல நடந்ததாச்சே, என்று அவர் வாயிலிருந்து ஒரே ஒரு தடவை வந்தால் போதும், அவர் கண்களிலிருந்து நீர் வழிந்தது, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நாவலுக்காக அழுதார், எழுதியிருக்கான் பாரு, எப்பேர்ப்பட்ட பய, என்றார்.

நேற்று அவரைக் கைப்பிடித்து மேடையேற்றிவிட்டு அவள் வழக்கமான கடைசி வரிசைக்குப் போனாள், இத்தன வருசமா நாந் திட்டாத நாவல் இல்லீங்க, இன்னைக்குத் திட்ட மாட்டேன், அந்த மாவு ஒண்ணு போதும், அத ஊத்திப்போட்டுப் போறானே ஒருத்தன், அவனாட்ட ஒரு மிருகத்த நான் எந்த நாவல்லயும் பாத்ததில்லீங்க, அவனுக்கெல்லாம் நல்ல சாவு வருமா, என்று கேட்டார், முன்வரிசைகளில் மூக்கை உறிஞ்சினார்கள், அவள் அருள்நம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள், எழுதியவனுக்குத் தெரியுமே, அவன் தலையைச் சாய்த்து யோசித்தான், புருவத்தைச் சுளித்தான், பிறகு ஏற்புரைக்கு எழுந்து, அந்த மாவ எழுதறப்ப எனக்கும் அழுகையை அடக்க முடியலீங்க ஐயா, அது என்ற அம்மாவோட மாவு, என்றான். கைதட்டல் ஓயவேயில்லை, அவள் கை மட்டும் மடியிலேயே கிடந்தது, ஒருத்தன் ஊற்றினான், இன்னொருத்தன் எடுத்துக்கொண்டான், ஆட்டோவில் வரும்போது நாச்சிமுத்து, உன்ற வாசிப்புல உசுரே இல்ல, அப்படியிருந்தும் அந்த எடம் நிக்குது பாரு, அதுதான் எழுத்து, என்றார்.

படி புள்ள, என்கிறார் இப்போது. அவள் தொண்டையைச் செருமிக்கொள்கிறாள், மதில்மேல் ஒரு காகம் நனைந்துகொண்டிருந்தது, என்று தொடங்குகிறாள், அச்சில் உள்ளதை உள்ளபடி வாசிக்கிறாள், மழையை, ஜன்னல் கம்பியை, மேகத்துக்குள் அம்மாவின் முகம் தெரிவதை, அத்தியாயம் முடிகிறவரைக்கும். மாவு எங்க, என்கிறார். எந்த மாவுங்க, என்கிறாள். அம்மா ஆட்டிவெச்ச மாவு, அந்தப் பய ஊத்தறானே. அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க, மழைதான் பெய்யுது. அவனே சொன்னானே கூட்டத்துல, அது என்ற அம்மாவோட மாவுன்னு. அவரு மழையப் பத்தித்தாஞ் சொன்னாருங்க, நீங்கதான் என்னென்னமோ பேசிப்போட்டீங்க, பெரியவராச்சேன்னு எல்லாரும் கம்முனு இருந்தாங்க, என்கிறாள், குரலில் அவ்வளவு பரிவு. கை தட்டுனாங்களே, என்கிறார். பாவம்னு தட்டியிருப்பாங்க. தூக்கி வைத்திருந்த முகவாய் மெல்லக் கீழே இறங்குகிறது, கண்ணு மட்டுந்தான் போச்சுன்னு இருந்தேன், என்றவர் கையை நீட்டி அவள் மடியிலிருக்கும் பக்கத்தை உள்ளங்கையால் தேய்க்கிறார், இல்ல புள்ள, நான் அதப் பாத்திருக்கறேன், பித்தளப் போசி அது, வாசல்ல உருண்டு போயி வேப்பமரத்துல முட்டி நின்னுது, என்கிறார். பித்தளை என்று அவள் சொல்லவில்லை, வேப்பமரத்தையும் சொல்லவில்லை, ஆனால் நடந்தது அப்படியேதான், எங்க பாத்தேன், மரகதம், எங்க பாத்தேன், என்று அவள் பேரைச் சொல்லிக் கேட்கிறார். வேற ஏதாச்சும் நாவல்ல வந்திருக்குமுங்க, என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறாள்.