வளைவில் மூன்று குழிகள்

திங்கட்கிழமை, அலுவலகத்தின் மதிய உணவு மேசையில் குன்வோர் தன் கைப்பேசியை ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் நீட்டிக்கொண்டு வந்தாள். தேவாலயத்துக்குப் பின்னாலிருக்கும் குன்றின் பனிச்சறுக்குத் தடம் திரையில் தெரிந்தது. பனியை அழுத்தும் வண்டி பதித்துவிட்டுப் போயிருந்த இரண்டு நேர்க்கோடுகளையும் சிதைத்தபடி வரிசையாகக் காலணிக் குழிகள்.

"எந்த மாடு இதுல நடந்து போச்சுன்னு தெரியல. மாடுகூட ஓரமாப் போகும்," என்றாள்.

மேசையே சிரித்தது. தலைவர் துர்கெய்ர் மட்டும் சிரிக்கவில்லை. விடியுமுன் எழுந்து, கூலி வாங்காமல் வண்டியோட்டி அந்தத் தடத்தைப் போடுபவர் அவர்தாம். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைக் கடித்தபடி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ருக்சாந்த்ரா தன் கால்களை நாற்காலிக்கு அடியில் மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

தன் ஊரான கொன்ஸ்தான்சா துறைமுகத்தில் பல்லாண்டுகள் கப்பல் வரைபடம் போட்டவள் அவள். இந்த நார்வே அலுவலகத்தில் அவளுடைய தகுதிகாண் பருவம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வேலை நிலைத்தால்தான் அக்காள் வீட்டில் விட்டுவந்திருக்கும் மகள் இலிங்காவை இங்கே அழைத்துவர முடியும். ஊரில், விளக்கணைக்கும்வரை மேசையை விட்டு எழாதவருக்கே மதிப்பு. இங்கோ, மாலை நான்கு மணிக்கு எல்லாரும் சறுக்குக் கட்டைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு குன்றுக்குப் போய்விடுகிறார்கள். அவள் மட்டும் இருட்டும்வரை உட்கார்ந்து வரைவதைப் பார்த்த துர்கெய்ர், "வேலை அதிகமா இருக்கா, இல்ல கைக்கு வரலையா?" என்று அக்கறையோடு கேட்டார். ஏச்சாக இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். அந்த அக்கறைதான் அவளைக் குடைந்தது.

ஆகவே அவளும் பழைய கட்டைகள் வாங்கினாள். ஞாயிறன்று ஒருவரும் இல்லாத வேளை பார்த்துக் குன்றேறினாள். பிர்ச் மரங்களுக்கிடையே தடம் சட்டென்று சரியும் வளைவில் மூன்று முறை விழுந்தாள். மூன்றாம் முறை, கட்டைகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கெட்டியாக இருந்த தடத்தின் மீதே நடந்து வீடு திரும்பினாள். நடக்கக் கூடாதென்று அங்கே பலகை ஏதும் இல்லை. எழுதியும் வைக்காத, சொல்லியும் தராத ஒரு விதியை மீறியதற்காக மனிதரை மாடென்பது எந்த ஊர் நியாயம் என்று அவளுக்குள் பொங்கியது. செவ்வாயன்று, தடத்தில் பதிந்த அந்தப் பெரிய காலணிகளை வீட்டில் விட்டுவிட்டு மெல்லிய காலணியில் வந்தாள்.

"என்ன ருக்சா, உனக்கு மட்டும் வசந்தம் வந்துருச்சா?" என்று குன்வோர் கேட்டாள்.

அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் அலுவலகத்தில் வரைபடத்தில் கோடு இழுத்தாள். இழுத்த கோட்டை அழித்தாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் துர்கெய்ர் அவளைத் தம் அறைக்கு அழைத்தார். வரைபடங்கள் நன்றாக இருக்கின்றன என்றார். ஆனால் ஜனவரியில் ஒரு கப்பலின் சுக்கான் அளவில் அவள் செய்த பிழையை ஏன் யாரிடமும் சொல்லாமல் தனியாக இருந்து திருத்தினாள் என்று கேட்டார். பழைய அளவை வைத்து இரண்டு பேர் ஒரு வாரம் வேலை செய்துவிட்டார்களாம். மறைத்தது அது ஒன்று மட்டுமில்லையே என்று அவளுக்குப் பட்டது.

"தடத்துல நடந்தது நான்தான்," என்றாள். தலைவரை 'நீ' என்றழைக்கும் இவ்வூர் வழக்கம் இன்னும் நாவில் ஏறவில்லை; அதனால் விளிக்காமலே சொன்னாள்.

"தெரியும். வளைவுல விழுந்து எழுந்த குழியும் பாத்தேன். நடந்தத விடு, வண்டி மறுபடி ஓடினா சரியாயிரும். விழுந்த குழிய ஏன் மூடாம வந்த?"

"மூடணுமா?"

"பின்னால ஒருத்தர் இருட்டுல வேகமா இறங்குவாரில்ல. உன் குழில அவரு கால் முறியும்."

இலிங்காவைப் பற்றி அவள் கேட்க நினைத்தாள். அவரோ வேலை பற்றிய முடிவைத் திங்கட்கிழமை சொல்வதாகக் கூறி, நாற்காலியிலிருந்து எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். மணி நான்காகியிருந்தது.

அவள் வீட்டுக்குப் போய்க் கட்டைகளை எடுத்துக்கொண்டு, அந்தப் பெரிய காலணிகளையே மாட்டிக்கொண்டு, தடத்தின் ஓரமாகக் குன்றேறினாள். வளைவில், எதிர்பார்த்ததுபோலவே, விழுந்தாள். இடுப்பு பதிந்த அளவுக்கு ஒரு குழி. எழுந்து, கட்டைகளைக் கழற்றி ஓரத்தில் ஊன்றிவிட்டு, முழந்தாளிட்டாள். இரண்டு கைகளாலும் பனியை வாரிப் போட்டு அடித்து அடித்துக் கெட்டியாக்கினாள். கையுறை நனைந்து விரல்கள் மரத்தன. மேட்டிலிருந்து சறுக்கி வரும் யாரோ ஒருவரின் நெற்றிவிளக்கு மரங்களின் இருட்டை வெட்டிக்கொண்டு இறங்கி வந்தது. அவள் விலகி நின்றாள்.

விளக்கு வளைந்தது. அவள் மூடிய இடத்தின் மேல் வந்ததும் ஒரு கணம் நடுங்கியது. பிறகு நிமிர்ந்து, நிற்காமல், கீழே ஊர் விளக்குகளுக்குள் கலந்துவிட்டது. யாரென்று தெரியவில்லை. அவள் மறுபடியும் மண்டியிட்டு, விளக்கு நடுங்கிய அந்த இடத்தில் இன்னும் பள்ளம் மிச்சமிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவித் தேடினாள்.